மூணாங் கிளாஸ் பையனும் செங்கீரைப் பருவமும்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காபி குடிச்சிட்டு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தேன். அக்கா மக வந்தாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு மலைப் பக்கமா உள்ள தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஈராசிரியர் பள்ளி. நாலும் அஞ்சும் தலைமையாசிரியர் பாத்துக்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு இவளுக்கு. மொத்தம் 22 பிள்ளைகள், ஒரே அறை.

கையில நீள நோட்டு. பாடக்குறிப்பு எழுதணுமாம். பேனாவை வாயில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாள்.

"என்னம்மா, எழுத வரலையா?"

"மாமா, மூணாங் கிளாஸ்ல ஒரு பையன். எட்டு வயசு. எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரலை. பாதி எழுத்து தெரியவே இல்ல. அவங்க அம்மா அப்பா கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனப்ப இவனையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒன்றரை வருசம் பள்ளிக்கூடமே இல்ல. இப்ப வயசைப் பாத்து மூணுல உக்கார வச்சிருக்கோம். இவனை 'மெல்லக் கற்போர்'னு எழுதிரவா? எழுதினா அது அப்படியே கூடவே வருமோன்னு பயமா இருக்கு மாமா."

சட்டுனு பதில் சொல்ல முடியலை. காரணம் இருக்கு. நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கிறப்ப எனக்கும் வாசிக்க வராது. வாத்தியார் எனக்கு வச்ச பேரு 'மக்கு'. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் அந்தப் பேரு கூடவே வந்துச்சு. வாசிப்பு வந்த பிறகும் பேரு போகலை. இப்ப இந்த வயசுல பொழுதுபோக்கா எழுதிக்கிட்டு இருக்கிறதுகூட அந்த வாத்தியாருக்குப் பதில் சொல்றதுக்குத்தானோ என்னவோ :-)

"ஒரு பிள்ளைக்கு எந்த வயசுல எது வரணும்னு யாரு மாமா முடிவு பண்ணினது?" என்று கேட்டாள். பயிற்சிப் பள்ளியில் பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் படிச்சவதான். பரீட்சைக்குப் படிச்சது பரீட்சையோட போச்சுன்னு சொன்னாள். அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு நான் கொஞ்ச நாள் தேடினதுதான் கீழே.

தேடலை எங்கே தொடங்கினேன் தெரியுமா? ஜெனிவாவில் இல்லை. பஸ் ஏறினா அரை மணியில் போற ஸ்ரீவில்லிபுத்தூரில். (பால்கோவா பத்தி எழுதப் போறேன்னு நினைச்சவங்க மன்னிக்கணும்.)

பூக்கட்டினவர் பார்த்த குழந்தை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள், கோபுரம், தேர். ஆண்டாளை வளர்த்த அப்பா பெரியாழ்வார். சொந்தப் பேரு விஷ்ணுசித்தர். நந்தவனம் போட்டு, பூப்பறித்து, மாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்தவர். காலம் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். திருப்பல்லாண்டையும் சேர்த்து அவர் பாடினது 473 பாசுரங்கள். அதில் பெரும்பகுதியில் அவர் யசோதையாக மாறி, கண்ணன் என்கிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பக்தியைக் கொஞ்ச நேரம் ஓரமா வச்சிட்டு, தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். தொட்டிலில் தாலாட்டு. நிலாவைக் கூப்பிடுவது. செங்கீரை ஆடுவது. சப்பாணி கொட்டுவது. தளர்நடை நடப்பது. ஓடிவந்து கட்டிக்கொள்வது, பின்னாலிருந்து முதுகைக் கட்டிக்கொள்வது. பூச்சி காட்டிப் பயமுறுத்துவது. அப்புறம் காது குத்த, குளிப்பாட்ட, தலைவார, பூச்சூட்ட அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போவது. ஒரு கைக்குழந்தை மூணு நாலு வயசுப் பிள்ளையாக வளர்வதை ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்த மாதிரி இருக்கிறது.

இதில் இருந்துதான் பிள்ளைத்தமிழ் என்கிற இலக்கிய வகை வளர்ந்தது. குழந்தையைப் பாடுவது தொல்காப்பியம் காலத்திலேயே பேசப்பட்ட விஷயம்தான். ஆனால் பருவம் பருவமாகப் பாடியதற்கு முன்னோடி பெரியாழ்வார். முழு வடிவத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் எழுதிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பிறகு பாட்டியல் நூல்கள் வந்து இதற்கு இலக்கணம் வகுத்தன. பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழும் ஆண், பெண் இருவருக்கும் பொது. கடைசி மூணு ஆண்பிள்ளைக்கு சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் இவற்றில் மூணு.

செங்கீரை என்றால் என்ன? குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகத்தை அசைப்பது. ஐந்தாம் மாதம் என்று கணக்கு. சப்பாணி என்றால் கைதட்டுவது. ஒன்பதாம் மாதம். வருகை என்றால் நடை பழகும் பிள்ளையை 'வா வா' என்று எதிரில் நின்று கூப்பிடுவது. ஒரு வயசை ஒட்டி. குழந்தை மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொண்ணு கவனிச்சேன். ஒவ்வொரு பருவத்திலும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். பிள்ளை ஒரு வேலை செய்கிறது, பெரியவர் அதற்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்கிறார். செங்கீரைப் பருவத்துப் பிள்ளையை யாரும் 'நடந்து வா' என்று கூப்பிடுவது கிடையாது. நடக்கப் போகிற பிள்ளைக்கு ரெண்டு எட்டு தள்ளி நின்று கையை நீட்டுகிறார்கள். பத்து எட்டு தள்ளி நின்றால் பிள்ளை வராது. ஒட்டி நின்றால் நடக்க வேண்டிய தேவையே இல்லை. ரஷ்யாவில் வைகாட்ஸ்கி (1896–1934) சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். பிள்ளை தானாகச் செய்யக்கூடியதற்கும், ஒருவர் கைகொடுத்தால் செய்யக்கூடியதற்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்த இடத்தில் என்றார். அக்கா மகளிடம் சொன்னேன். "அடப்பாவிங்களா, இதை இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் மனப்பாடமே பண்ணியிருக்க மாட்டேனே" என்றாள்.

மாசக் கணக்கு எவ்வளவு கறார்?

பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதத்தில் ஆரம்பித்து ஒற்றைப்படை மாதங்களாக இருபத்தொன்று வரை போகும். ஆனால் நூலுக்கு நூல் மாதம் கொஞ்சம் மாறும். பெரியாழ்வாரிடம் நிலாவைக் கூப்பிடும் பாட்டு செங்கீரைக்கு முன்னாடியே வந்துவிடுகிறது. பின்னால் வந்த இலக்கணத்தில் அம்புலி ஏழாவது. குழந்தையைப் பார்த்துப் பாடியவருக்கு ஒரு வரிசை, சட்டம் போட்டவர்களுக்கு ஒரு வரிசை!

இதே விஷயத்தை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் எண்களாகவே வெளியிட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நல்லபடி வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கணக்கு. பிடிக்காமல் தானாக உட்காருவது 3.8 மாதத்தில் இருந்து 9.2 மாதத்துக்குள். தானாக நடப்பது 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதத்துக்குள். அதாவது எட்டு மாசத்தில் நடந்த பிள்ளையும் சரி, ஒன்றரை வயசை ஒட்டி நடந்த பிள்ளையும் சரி, ரெண்டும் நல்ல பிள்ளைதான். நூற்றுக்கு நாலு பிள்ளை தவழாமலே நடந்துவிட்டதாம். பருவம் என்பது திறந்திருக்கும் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் மூடின பிறகும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட்டுப் புலம்பக் கூடாது.

நடக்கிறதிலேயே ஒன்பது மாசம் முன்னே பின்னே இருக்கலாம் என்றால், வாசிக்கிறதில் எவ்வளவு இருக்கும்?

திண்ணையில் வகுப்பு கிடையாது

பிள்ளைத்தமிழ் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது. பிறகு பிள்ளை போனது திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு. மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடி, எண்சுவடி, அப்புறம் ஓலை.

1822-ல் மதராஸ் மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். நம்ம பக்கமெல்லாம் அப்போது திருநெல்வேலி ஜில்லா. 1826-ல் அவர் கொடுத்த தொகை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்.

அந்தத் திண்ணையில் ஒன்றாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு என்று பிரிவு கிடையாது. ஒருத்தன் மணலில் 'அ' போடுவான், பக்கத்தில் உள்ளவன் ஓலையில் கணக்குப் போடுவான். முன்னே போனவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன் பேர் சட்டாம்பிள்ளை. இந்த முறையை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை 1789-ல் இருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார் பார்த்தார். எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே வாத்தியாராக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

திண்ணையை ரொம்பப் புகழவும் எனக்கு மனசு வரலை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண்பிள்ளைகள் அபூர்வம். அடி, கோதண்டத்தில் தொங்கவிடுவது எல்லாம் சர்வசாதாரணம். நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. வயசைப் பார்த்து உட்கார வைக்காமல், எங்கே விட்டானோ அங்கிருந்து தொடங்குவது. ஒன்றரை வருசம் ஊரில் இல்லாத பையன் திரும்பி வந்தால், திண்ணையில் அவனுக்கு 'மெல்ல' என்ற பேர் வந்திருக்காது. விட்ட எழுத்தில் இருந்து தொடர்ந்திருப்பான். (அடி வாங்கியிருப்பான், அது வேற.)

வகுப்பும் பாடக்குறிப்பும் வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதராஸ் அரசாங்கம் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு நிபந்தனை வைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார், தேறின பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு. அதற்கு ஒவ்வொரு வகுப்பிலும் இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் தேவைப்பட்டது. 'ஸ்டாண்டர்டு' என்ற சொல்லுக்கே அளவுகோல் என்றுதானே பொருள்? வாத்தியார் காசு தேறும் பிள்ளையைப் பார்ப்பாரா, தேறாத பிள்ளையைப் பார்ப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

பாடக்குறிப்பு வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் ஹெர்பார்ட் (1776–1841) என்ற தத்துவ அறிஞர், புதிய விஷயம் மனசில் ஏற வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளதோடு அது ஒட்ட வேண்டும் என்றார். நல்ல யோசனை. அவருடைய சீடர்கள் அதை ஆயத்தம், பாடத்தை முன்வைத்தல், தொடர்புபடுத்தல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என்று ஐந்து படியாக்கினார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் வழியாக அது உலகமெல்லாம் போய் நம்மூர் நீள நோட்டுக்குள்ளும் வந்தது. நோட்டில் இன்றைக்கும் முதல் கட்டத்தில் 'முன்னறிவு' என்று எழுதுகிறோமே, அது ஹெர்பார்ட் போட்ட விதைதான். ஆனால் 22 பிள்ளைக்கும் சேர்த்து ஒரே ஒரு முன்னறிவை எழுதினால் அது யாருடைய முன்னறிவு? அக்கா மகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது இந்தக் கட்டத்தில்தான்.

ரெண்டு டம்ளர் தண்ணீர்

சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே (1896–1980). வைகாட்ஸ்கி பிறந்த அதே வருசம் பிறந்தவர். தன்னுடைய மூணு பிள்ளைகளைத் தொட்டிலில் இருந்தே கவனித்து எழுதினவர். அவர் சொன்ன நாலு கட்டம்: ரெண்டு வயசு வரை புலன்களாலும் அசைவாலும் அறிவது. ரெண்டிலிருந்து ஏழு வரை சொல்லும் பாவனையும் வரும், ஆனால் கண்ணுக்குத் தெரிவதே உண்மை. ஏழிலிருந்து பதினொன்று வரை, கையில் பொருள் இருந்தால் தர்க்கமாக யோசிக்கலாம். அதற்குப் பிறகு பொருள் இல்லாமலும் யோசிக்கலாம்.

அவருடைய ஒரு சோதனை ரொம்பப் பிரபலம். ஒரே மாதிரி ரெண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். பிள்ளை பார்க்கும்போதே ஒன்றை எடுத்து உயரமான ஒல்லி டம்ளரில் ஊற்ற வேண்டும். எதில் அதிகம்? சின்னப் பிள்ளை உயரமானதைக் காட்டும். பெரிய பிள்ளை 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லும்.

"திங்கக்கிழமை செஞ்சு பாரேன்" என்றேன். செய்தாள். ஒண்ணாங் கிளாஸில் பாதிக்கு மேல் ஒல்லி டம்ளரைக் காட்டினார்களாம். ரெண்டில் கலந்து வந்தது. மூணில் ஒருத்தன் மட்டும் யோசிக்கவே இல்லையாம். "ஊத்துனது அதே தண்ணிதான டீச்சர். கொட்டலையே, எப்படிக் கூடும்?"

யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பையன்தான்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணினாள். குரல் வேற மாதிரி இருந்தது. "மாமா, அவன் மெதுவா எல்லாம் இல்ல மாமா. கடைக்கு அனுப்பினா மிச்சக் காசு கரெக்டா எண்ணிக் கொண்டு வருவான். மலையாளம் பேசுறான். எழுத்து மட்டும்தான் அவன்கிட்ட போய்ச் சேரலை. நான் எழுதியே வச்சிருந்தேன்."

பேனாவால் எழுதவில்லையாம், பென்சிலால்தான். அன்றைக்கே அழித்துவிட்டாள்.

பியாஜேயின் வயசுக் கணக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970களில் மார்கரெட் டொனால்ட்சன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதே மாதிரி சோதனைகளைப் பிள்ளைக்குப் புரிகிற ஒரு கதையாக மாற்றிக் கேட்டார்கள். பியாஜே சொன்னதைவிடச் சின்ன வயசிலேயே நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். ஆக, பிள்ளை 'தெரியலை' என்றால் கேள்வி கேட்ட விதத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் நம் மாநிலத்திலேயே இன்னொருவர் இருந்தார். மரியா மாண்டிசோரி. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தார். போர் வந்தது. 1940-ல் இத்தாலியும் போரில் இறங்கியதும் அவர் மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. சில மாதம் கழித்து விடுவித்தாலும் நாட்டை விட்டுப் போக முடியாத நிலை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார்கள். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். பிள்ளைப் பருவத்தை ஆறு ஆறு வருசமாகப் பிரித்தவர் அவர். வெவ்வேறு வயசுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதுதான் நல்லது என்றவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழக்கினவர். மணலில் விரல் வைத்த நம்ம ஊர் தாத்தாக்களுக்கு இது புதுசா என்ன?

ஒரே அறையில் மூணு வகுப்பு என்று அக்கா மகள் அழுததை மாண்டிசோரியிடம் சொல்லியிருந்தால் 'கொடுத்து வைத்தவள்' என்று சொல்லியிருப்பார் :-)

அட்டைகள் வந்த காலம்

நம்ம பக்கத்துக் கதையில் காமராஜர் இல்லாமல் முடியாது. பிறந்தது விருதுநகர். 1952-ல் நாடாளுமன்றத்துக்குப் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் இருந்து. 1954-ல் முதலமைச்சர். கிராமத்துக்குக் கிராமம் பள்ளிக்கூடம், 1950களின் நடுவில் மதிய உணவு. திண்ணையில் இடமில்லாமல் இருந்த பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். என் அம்மா, அப்பா தலைமுறையில் எத்தனை பேர் அந்தச் சோற்றுக்காகப் போய் எழுத்தோடு வந்தார்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். உள்ளே வந்த பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அடுத்த கேள்வி.

அதற்கு ஒரு பெரிய முயற்சி 2003-ல் நடந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். முன்பு வேலூர்ப் பக்கம், கொத்தடிமை வேலையில் இருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள கிராமங்களில் அட்டைகளை வைத்து நடத்திய முறைதான் மூலம். சென்னை முழுக்கப் பரவி, 2007-08-ல் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

அந்தக் காலத்துப் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தரையில் பாய். பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை. கம்பிப்பந்தலில் தொங்கும் பிள்ளைகளின் படங்கள். சுவரில் ஏணிப்படம், அதில் படிப்படியாக மைல்கல். பிள்ளை தானே தட்டில் இருந்து அட்டையை எடுக்க வேண்டும், முடித்தால் அடுத்த படி. ஒரு வாரம் வரவில்லையா? வந்ததும் விட்ட அட்டையில் இருந்து. ஏலத்தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போய் வருகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு என்ன?

ஆனால் குறை இல்லாமல் இல்லை. 'புத்தகமே இல்லாம சீட்டு வெளையாடுறாங்க' என்று பெற்றோர் சொன்னார்கள். தயாராகாத ஆசிரியர்களிடமும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. அட்டை நகர்ந்ததா என்று பதிவேடு பார்க்கிற வேலை பல இடங்களில் பிள்ளையைப் பார்க்கிற வேலையை விழுங்கிவிட்டது. பின்னாடி எளிமைப்படுத்தினார்கள், மெல்ல மெல்லப் பழைய பாணி திரும்பியது. ஏணியை மாட்டினால் போதாது, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, திறந்தபோது மாநிலம் முழுக்க எல்லாப் பிள்ளையும் நம்ம பையன் மாதிரி ஆகியிருந்தார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்று முதல் மூணு வகுப்புக்கும் திட்டம் வந்தது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்து மூணு குழு. குழுக்களின் பேர் என்ன தெரியுமா? அரும்பு, மொட்டு, மலர். நந்தவனக்காரர் ஊரில் இருந்து இதைப் படிக்கிறபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சிலிர்ப்பும் வந்தது. பூக்கட்டுகிறவருக்குத் தெரியும், அரும்பை விரலால் பிரித்து மலராக்க முடியாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, பள்ளியில் சேராத, இடையில் விட்ட பிள்ளையை வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. கூடவே, மற்றவர்களுக்குச் சமமாக வர அவனுக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு என்கிறது. 24ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளில் ஒன்று, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது. மூணாங் கிளாஸில் உட்கார வைப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதிதான் பாடக்குறிப்பு.

நோட்டில் என்ன எழுதினாள்?

புதுசா வேலைக்குச் சேர்ந்த டீச்சர், வாத்தியார் யாராவது இதைப் படித்தால் பயன்படட்டும் என்று அவள் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் ரெண்டு நாள் பாடம் நடத்தாமல் 22 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். வாசிக்கச் சொல்லி, எண்ணச் சொல்லி, ஒரு கதை சொல்லச் சொல்லி, பிள்ளைக்கு ஒரு வரி எழுதிக்கொண்டாள். 'தெரியாதது' எழுதவில்லை, 'இதுவரை வந்திருக்கிறது' என்று மட்டும் எழுதினாள். தமிழுக்கு ஒரு குழு, கணக்குக்கு வேறு குழு. நம்ம பையன் தமிழில் அரும்பு, கணக்கில் மலர். கணக்கில் மத்தவங்களுக்கு அவன்தான் சட்டாம்பிள்ளை. ஒரு குழுவோடு அவள் உட்காரும்போது மற்ற ரெண்டுக்கும் புளியங்கொட்டை, மணல் தட்டு, படக்கதை. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குக் கூட்டலைக் கரும்பலகையில் தொடங்காமல் கொட்டையில் தொடங்கினாள். பதினைந்து நிமிசத்துக்கு மேல் ஒரே வேலை இல்லை. வெள்ளிக்கிழமை அந்த ஒரு வரிகளைத் திரும்பப் பார்த்து, மாறினவர்களைக் குழு மாற்றினாள். ஒருத்தி பலகையை உத்து உத்துப் பார்த்ததால் கண் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டாள். அதுவும் பாடக்குறிப்பில் ஒரு வரி.

தலைமையாசிரியர் நோட்டைப் பார்த்து, "என்னம்மா, ஒரே பாடத்துக்கு மூணு குறிப்பா?" என்று கேட்டாராம். "ஆமா சார், மூணு விதமா பிள்ளைங்க இருக்காங்களே" என்றாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பையனுக்கு இன்னும் கூட்டெழுத்து தடுமாறுது. அவங்க அப்பா சீசனுக்கு மறுபடி கேரளா போகணும்னு பேசிக்கிட்டு இருக்கார். பையனைப் பாட்டி வீட்டில் விட்டுப் போகச் சொல்லி அக்கா மகள் ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். என்ன ஆகும் என்று தெரியாது.

போன வாரம் சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு நின்றபோது, பையனும் பாட்டியோடு நின்றானாம். பஸ் வந்தது. போர்டைப் பார்த்து விரலைக் காத்தில் ஆட்டி ஆட்டி எழுத்துக் கூட்டியிருக்கிறான்.

"டீச்சர், மொத எழுத்து என்னன்னு தெரியலை. மிச்சம் வில்லிபுத்தூர்."

'ஸ்ரீ' இன்னும் சொல்லிக்கொடுக்கலையாம். அடுத்த வாரத்துக் குறிப்பில் எழுதிவிட்டாள்.